பிணத்துக்கு எத்தனை புள்ளி

இறுதியாண்டு ஆற்றுகையை மல்லாவியில் வைக்கிறேன்
என்று எழுதிக் கொடுத்தபோது
விரிவுரையாளர் கேட்டது ஒன்றே ஒன்று:
அங்கே மேடை இருக்கிறதா?

இருக்கிறது என்றேன்.
இருந்தது ஒரு நெற்களஞ்சியம்.
கொள்வனவு நின்ற பிறகு
வௌவாலையும் சாக்கு மணத்தையும் வைத்துப் பூட்டிய கட்டடம்.
திறப்பு யாரிடமென்று கண்டுபிடிக்க நான்கு நாள்.
கூட்ட இரண்டு நாள்.
கூட்டியும் உமி போகவில்லை.
தட்டடவு போட்டால்
சீமெந்து தை என்று சொல்லுமுன்
குதிக்காலில் அது சுருக்கென்று சொல்லும்.

பல்கலைக்கழகத்தில் மரத்தளம், கண்ணாடிச் சுவர்.
என் அரைமண்டி சரியில்லையென்று
முதலாமாண்டிலேயே கண்ணாடி சொல்லிவிட்டது.
இங்கே கதவிடுக்கில் நாலு பெடியங்கள், ஒரு ஆடு.
ஆடு பரவாயில்லை.

நாடகம் சின்னது.
ஒரு செத்தவீடு, மூன்று பெண்கள், ஒரு பிணம்.
அழுகை மெல்ல மெல்ல அடவாக வேண்டும்,
ஒப்பாரி ஜதியாக வேண்டும்.
தாளில் நன்றாகத்தான் இருந்தது.
பிணம் கோகுலதீபன்.
வசனமில்லாத வேடம் தா என்று
கேட்டு வாங்கினவன்.

அன்று பின்னேரம் அவன் அழைத்தான்:
"முறிகண்டிக்கு அங்கால ரெயின் மாடு அடிச்சு நிக்குது."
பரீட்சகர்கள் மூவரும் வானால் இறங்கி
சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து
அப்பா வெட்டு மெசினால் வந்தார்.
காலபோகம். மழை இருட்டுதென்று
மூன்று இரவாய் லைற் போட்டு
பாண்டியன்குளப் பக்கம் அறுத்தவர்.
காதுக்குள்ளும் வைக்கோல் தூசி.
இந்தப் படிப்புக்கு என்ன வேலை பிள்ளை என்று
நான்கு வருசமாய்க் கேட்காமல் இருக்கிறவர்.
அவர் கேட்காமல் இருப்பது
எனக்கு நன்றாகக் கேட்கும்.

"அப்பா, இருவது நிமிசம் செத்துக் கிடக்க ஏலுமோ?"

என்னைப் பார்த்தார். பாயைப் பார்த்தார்.
"எந்தப் பக்கம் தலை?"
தெற்கு என்றேன்.
சறத்தை இறுக்கிக்கொண்டு படுத்தார்.
கால் பெருவிரல் இரண்டையும் தானே சேர்த்து வைத்தார்.
வெள்ளைத் துணி முகத்துக்கு வருமுன்
"மூச்சு விடலாம்தானே?"

நிதர்சனா முதல் அழுகையை எடுத்தாள்.
மற்ற இருவரும் அதை வாங்கிக் கைகளில் பரப்பினார்கள்.
ஆறாவது நிமிசம்
பிணம் குறட்டை விட்டது.

சனம் சிரித்தது, பெடியங்கள் விசிலடித்தார்கள்,
நான் பக்கத்திரைக்குப் பின்னால் குந்திவிட்டேன்.
நிதர்சனாவின் கை
அலபத்மத்தில் அப்படியே நின்றது.
பிறகு அது மூடி, ஒரு விரலாகி,
அவள் உதட்டில் போய் இருந்தது.
"சத்தம் போடாதேங்கோ,
இப்பத்தான் கண் அயர்ந்தது."

அது என் பிரதியில் இல்லை.

மூன்று பேரும் சலங்கையைக் கழற்றினார்கள்.
மிருதங்கக்காரன் கையை மடியில் வைத்தான்.
தூக்கிய பாதம் நிலத்தைத் தொடுமுன் நின்றது,
பெருவிரலால் மெல்ல இறங்கியது,
ஓர் அடவும் ஒலிக்கவில்லை.
தாளம் குறட்டைதான்.
ஆதிக்கும் பொருந்தாது, ரூபகத்துக்கும் பொருந்தாது.
சிரித்த சனம் எப்போது அடங்கியதென்று தெரியவில்லை.
கடைசி வாங்கில்
அம்மா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தா.

வீட்டில் அவர் வாசலைப் பார்த்துப் படுப்பவர்.
செருப்பு தலைமாட்டில்,
அடையாள அட்டை சட்டைப் பையில்.
ஒரு தேங்காய் விழுந்தால் எழும்பி நிற்பார்.
இருநூறு பேருக்கு நடுவில்
அந்த மனிசன் குறட்டை விடுகிறார்.

வாய்மொழிப் பரீட்சையில் கேட்டார்கள்:
இது திட்டமிட்டதா?
இல்லை.
மறுமுறை எப்படிச் செய்வீர்கள்?
பிணத்துக்கு முழுப் புள்ளி போடலாம்,
நெறியாளருக்கு யோசிக்க வேண்டும் என்று
ஒருவர் பகிடியாகச் சொல்லிவிட்டு
நிறைய நேரம் எழுதினார்.

எட்டு மணிக்குக் கோகுலதீபன் வந்தான்.
"என்ர வேசத்தை ஆர் செய்தது?"
உள்ளே காட்டினோம்.
விளக்கெல்லாம் கழற்றியாயிற்று.
உமித் தரையில் வெள்ளைத் துணி ஏறி இறங்கியது.
கதிரைகளை ஒவ்வொன்றாய்த் தூக்கிப் போனோம்,
இழுக்காமல்.

அப்பாவின் போன் என்னிடம்.
மெசின்காரர் மூன்றாம் தரம் எடுக்கிறார்.
மழை வருது, ஆள் எங்க பிள்ளை?

"செத்துக் கிடக்கிறார் அண்ணை,
விடிய வருவார்."